செக்கர் கண்டக்டர் ஆன கதை

“மேடம், மூணு கட்டையும் இடிச்சாச்சு” என்று ஹரிணி போனில் சொன்னபோது நான் திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டுக் கடை ஒன்றில் காபிக்காக நின்றுகொண்டிருந்தேன். வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஆசிரமத்துப் பக்கம் இப்போதெல்லாம் காபி கேட்டால், பாதாம் பாலா, ஓட்ஸ் பாலா என்று திருப்பிக் கேட்கிறார்கள். போனைக் காதில் வைத்தபடியே “மாட்டுப் பால்தாம்பா, வேற எதுல காபி போடுவாங்க?” என்று நான் கத்தியதில் அந்தப் பக்கம் ஹரிணி பயந்துபோய்விட்டாள். எனக்கு வாய் ஜாஸ்தி. ஓய்வு பெற்ற பிறகும் கம்மியாகவில்லை.

ஹரிணி, நான் முன்பு உட்கார்ந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். மனிதர்களோடு பேசிப் பழகி, தானாக நடமாடும் ரோபோக்களைச் செய்யும் சென்னைக் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. உடம்பு செய்வது வேறு ஆட்கள். உள்ளே ஓடும் மென்பொருளில் எந்தப் பகுதி எதற்குக் கட்டுப்பட வேண்டும், எந்தப் பகுதி யாரையும் கேட்காமல் ஓடிவர வேண்டும் என்று வகுத்துத் தருவது என் பொறுப்பு. அந்தப் பகுதிகளை நாங்கள் கட்டு என்போம். இப்போது அதையெல்லாம் எடுத்துவிட்டு, எக்கச்சக்கமான வீடியோக்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொண்ட ஒரே பெரிய மாடலை உட்கார வைக்கப்போகிறார்களாம்.

“அது பாத்த உடனே புரிஞ்சிக்குது மேடம். ஒருத்தர் கீழ விழுந்துட்டாரா, விழுந்து கும்பிடறாரான்னு நாம சொல்லித் தரவே வேணாம். அடி அண்ணாமலை ஹோம்ல இருக்கற பழைய ரோபோவையும் மாத்திடறோம். பழசுல எதை வெச்சுக்கலாம்னு கொஞ்சம் எழுதித் தாங்களேன்.”

அடி அண்ணாமலை என்றதும் காபியை வாங்காமலே நடந்துவிட்டேன். அந்த ரோபோவுக்கு ஒரு விசில் உண்டு. அது எப்படி வந்தது என்று மட்டும் எழுதுகிறேன். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பது ஹரிணி பாடு.

போளூரில் பிறந்து, வேலூரில் படித்து, ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டு நிரல் எழுதி, மூக்கைப் பிடித்துக்கொண்டே தொழில் கற்று, கடைசியில் சென்னைக்கு வந்து சேர்ந்தேன். அந்த வருடங்களை ஒரு வரிக்கு மேல் நீட்டினால் எனக்கே கொட்டாவி வரும். தரணேந்திரன் சாரின் கீழ் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்துதான் எனக்கு நினைவே தொடங்குகிறது.

சார் வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமத்துக்காரர். தலைமுறை தலைமுறையாக அங்கேயே பயிர் செய்த தமிழ்ச் சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவார். தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார். அந்த வெள்ளைத் துணியை மடித்து டிபன் பாக்ஸோடு வைத்திருப்பார். பொழுது சாய்ந்த பிறகு அவர் மீட்டிங் வைத்ததே கிடையாது. மற்ற டீம்காரர்கள் ராத்திரி வரை உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, நாங்கள் மட்டும் வெளிச்சத்திலேயே பஸ் பிடிப்போம். எங்களைப் பார்த்து அவர்கள் வயிறு எரிந்தது வாஸ்தவம்.

ஆனால் அந்தப் பகல் மீட்டிங் இருக்கிறதே, அப்பப்பா! சார் கத்த மாட்டார். மேசையைத் தட்ட மாட்டார். நாம் சொல்வதை முழுசாகக் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டு, ஒரே ஒரு வார்த்தை கேட்பார்: “அப்புறம்?”

“ரோபோ மாத்திரையை எடுத்துட்டுப் போய்க் குடுக்கும் சார்.”

“அப்புறம்?”

“அவங்க வாங்கிப்பாங்க.”

“அப்புறம்?”

“போட்டுப்பாங்க சார்.”

“வாங்கித் தலைகாணிக்கு அடியில வெச்சுட்டா?”

அதற்கு விடை யோசித்து வந்தால் அதற்கும் ஓர் ‘அப்புறம்?’ காத்திருக்கும். சேர்ந்த புதிதில் பாத்ரூமில் போய் அழுதிருக்கிறேன். பிறகு எனக்கே அது தொற்றிக்கொண்டது. வீட்டில் தம்பி, “அக்கா, நாளைக்குப் பொண்ணு பாக்கப் போறோம்” என்றால், நான் “அப்புறம்?” என்பேன். “அப்புறம் இன்னா, கல்யாணந்தான்!” என்று எரிந்து விழுவான்.

மூன்று கட்டு என்பது சார் வைத்த பெயர். பழைய வீட்டைத்தான் உதாரணம் சொல்வார். முன்கட்டில் விருந்தாளியோடு பேச்சு நடக்கும். ரோபோவுக்கு அது பேச்சும் ஞாபகமும் யோசனையும். நடுக்கட்டில் வேலை நடக்கும். கிட்டே போவது, வணக்கம் சொல்வது, கொடுப்பது, காத்திருப்பது என்று எது முன்னால், எது பின்னால் என்ற ஒழுங்கு அங்கே. பின்கட்டில் அடுப்பு எரியும். மோதப் போனால் நிற்பது, ஒருவர் விழுந்தால் ஆளைக் கூப்பிடுவது எல்லாம் அங்கே.

“பால் பொங்கினா முன்கட்டுல யார் உக்காந்திருந்தாலும் பொம்பளைங்க எழுந்து ஓடறாங்க இல்ல? யாரையாவது பர்மிஷன் கேக்கறாங்களா?” என்பார். முன்கட்டு எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் பின்கட்டைப் பார்த்து ‘நீ சும்மா இரு’ என்று சொல்ல முடியாதபடி அமைத்திருந்தோம். அதில் மட்டும் சார் மசியவே மாட்டார்.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு முதியோர் இல்லம் இருந்தது. அங்கே ஒரு ரோபோவை விட்டுப் பார்ப்பது என்று முடிவானதும், ஊர்ப் பக்கத்துக்காரி என்று என்னை அனுப்பினார்கள். பள்ளிக்கூடப் பையன் உயரம், அடியில் சக்கரம், நெஞ்சில் ஒரு திரை. இல்லத்தைப் பார்த்துக்கொண்ட செல்வி சிஸ்டர் அதற்கு விபூதி வைத்துத்தான் உள்ளே விட்டார். எனக்குச் சாமி நம்பிக்கை கம்மி. இருந்தாலும் கேமராவில் படாமல் வைத்தாரே என்று சும்மா இருந்தேன்.

அங்கே ஏழுமலை என்றொரு பெரியவர் இருந்தார். திருவண்ணாமலையிலிருந்து பெங்களூருக்கு, செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி வழியாக, வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டியவர். எல்லாரும் டிரைவர் ஐயா என்பார்கள். வண்டியை எடுப்பதற்கு முன் டிப்போவிலேயே மலையைப் பார்த்துத் தரையில் நெடுக விழுந்து கும்பிட்டுத்தான் ஸ்டியரிங்கைத் தொடுவாராம். ரிட்டயர் ஆகி, மனைவி போய், முட்டி போய், கிரிவலமும் போன பிறகு, அந்தக் கும்பிடு ஒன்றுதான் அவரிடம் மிச்சம். விடியும்போது முற்றத்தில் துண்டை விரித்து, குப்புறப் படுத்து, இரண்டு கையையும் மலையைப் பார்த்து நீட்டிவிடுவார். சீக்கிரம் எழுந்திருக்கவும் மாட்டார்.

ரோபோ வந்த மறுநாள் காலை அவர் வழக்கம்போல் படுத்தார். பின்கட்டு விழித்துக்கொண்டது. விர்ரென்று ஓடிவந்து அவர் தலைமாட்டில் நின்று, “கீழே ஒருவர் விழுந்துவிட்டார்! உதவி தேவை!” என்று இல்லமே அதிரக் கத்தியது. செல்வி சிஸ்டர் நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்.

“அட இன்னாம்மா இது! செக்கிங் இன்ஸ்பெக்டர் கணக்கா மேல வந்து வுழுது?” என்று படுத்தபடியே கேட்டார் டிரைவர் ஐயா. அன்றிலிருந்து அதற்குப் பெயர் செக்கர்.

மறுநாளும் அதே கூத்து. பௌர்ணமியன்று வெளியூர் சொந்தங்கள் வந்து முற்றத்தில் வரிசையாக விழுந்து கும்பிட, யாரிடம் ஓடுவது என்று தெரியாமல் அது நடுவில் நின்று தொண்டை கிழியக் கத்தியது. எல்லாரும் சிரித்தோம். சிரிப்பு அத்தோடு நின்றுபோனது.

ஏனென்றால் ஒவ்வொரு தடவை அது கத்தும்போதும் குடும்பத்தார் போனுக்கு ஒரு செய்தி போகும். டிரைவர் ஐயாவின் மகன் பாஸ்கர் பெங்களூரில் வேலை பார்த்தார். தினமும் விடிகாலையில் ‘உங்கள் தந்தை விழுந்துவிட்டார்’ என்று போன் அலறினால் எந்தப் பிள்ளைக்குத்தான் தூக்கம் வரும்? பொய்ச் செய்தி என்று சிஸ்டர் சொன்னாலும், என்றைக்காவது ஒரு நாள் நிஜமாக இருந்துவிட்டால் என்ற பயம் அவருக்கு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து இறங்கிவிட்டார்.

“கீழ படுக்கறதை நிறுத்து நைனா. இல்லன்னா என்கூட வந்துடு. பதினோராவது மாடி, லிஃப்ட் இருக்குது, எல்லா வசதியும் இருக்குது.”

இல்லமும் பயந்துபோய், இனிமேல் நாற்காலியில் உட்கார்ந்தே கும்பிடுங்கள் என்று சொல்லிவிட்டது. டிரைவர் ஐயா நாற்காலியில் உட்கார்ந்து கையைக் கூப்பிப் பார்த்தார். பிறகு மறுபடி துண்டை விரித்தார். மறுபடி செக்கர் கத்தியது. இந்த மாதம் முடிந்ததும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன் என்று பாஸ்கர் உறுதியாகச் சொல்லிவிட்டார்.

மகன் போன பிறகு அவர் என்னிடம் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

“பெங்களூரு எனக்குப் புச்சா மேடம்? நான் போவாத நாளே கெடையாது. காலீல போவேன், ராவுக்குள்ள திரும்பி வந்து மலையைப் பாத்துடுவேன். இது ஒன்வே டிரிப்பு. திரும்பி வர வண்டி இல்ல.”

எங்கள் மிஷினால் ஒரு மனுஷன் ஊரை விட்டுப் போகப்போகிறார். சென்னைக்கு ஓடினேன். விற்பனைப் பக்கம் பார்த்துக்கொண்ட விவேக் ரொம்பச் சுறுசுறுப்பான பையன். பிரச்சினையைக் கேட்டதுமே விடை சொல்லிவிட்டான்.

“சிம்பிள் சார். மலை எந்தப் பக்கம்னு ரோபோவுக்குத் தெரியும். மலையைப் பாத்துப் படுத்திருந்தா பிரேயர். கத்தாதேன்னு பின்கட்டுல ஒரு வரி சேத்துடலாம்.”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்புறம்?”

“அப்புறம் கத்தாது சார்.”

“அந்த ஹோம்ல கட்டில் எல்லாம் எந்தப் பக்கம் பாத்துப் போட்டிருக்காங்க?” என்று என்னைக் கேட்டார்.

“மலையைப் பாத்துதான் சார். நாற்காலியும் அப்படித்தான்.”

“அங்க எல்லாரும் எந்நேரமும் அந்தப் பக்கந்தானே பாத்துட்டிருக்காங்க விவேக்? மயக்கம் வந்து விழுந்தாலும் அந்தப் பக்கம் பாத்துதான் விழுவாங்க. அப்புறம்?”

விவேக் நோட்டில் எழுதியிருந்த வரியை அடித்தான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், ஆனால் சார் அடுத்து என் பக்கம் திரும்பி, “சரி, நீ இன்னாம்மா செய்யப்போற?” என்றதும் அது காற்றில் போய்விட்டது. கேமராவில் மூச்சைப் பார்க்கலாம் என்றேன். அடி அண்ணாமலை மலைக்கு மேற்கே இருப்பதால் அங்கே சூரியன் மலையைத் தாண்டித் தாமதமாகத்தான் வரும். விடியும் நேரத்தில் முற்றம் இருட்டு, எதிரே வானம் வெளிச்சம். கேமராவுக்கு ஒன்றும் தெரியாது என்று நானே சொல்லி நானே அதை அடித்துக்கொண்டேன். நடுநடுவே ‘நலமா?’ என்று ரோபோ கேட்கட்டும், அவர் பதில் சொல்லட்டும் என்றேன். போய் டிரைவர் ஐயாவையே கேட்டுவிட்டு வா என்று சார் என்னைத் திருப்பி அனுப்பினார்.

கேட்டேன். டிரைவர் ஐயாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஏம்மா, பேசாம இருக்கத்தானே அங்க போய்ப் படுக்கறேன்? நல்லாகீறேன், நல்லாகீறேன்னு பதில் சொல்லிகினே இருந்தா அது கும்பிடா? பேங்க்ல டோக்கன் வாங்கிகினு உக்காந்திருக்கறா மாதிரி இருக்கும்.”

“அப்ப என்னதாங்க ஐயா பண்றது? யாராவது பக்கத்துல இருந்து பாத்துக்கணுமே.”

“பக்கத்துல இருக்கறவன் இருக்கற மாதிரி இருந்தா யாரு வேணாங்கறாங்க? எங்கிட்ட எத்தினி கண்டக்டர் வேலை பாத்திருக்கான்! அவன் பாட்டுக்குப் பின்னால இருப்பான், நான் பாட்டுக்கு முன்னால இருப்பேன். ஒத்த விசில்னா நிறுத்துவேன், ரெண்டு விசில்னா எடுப்பேன். என் நெனப்பு எங்கியோ இருக்கும். வூட்ல சண்டை போட்டுட்டு வந்திருப்பேன், அதையே நெனச்சிகினு ஓட்டுவேன். ஆனா விசில் அடிச்சான்னா காலு தானா பிரேக்குக்குப் போவும். இது கண்டக்டர் இல்ல, செக்கர்! அதான் பிரச்சனை.”

காலு தானா போவும் என்றாரே, அதுதான் பின்கட்டு. அந்த மனிதருக்குள்ளும் ஒரு பின்கட்டு இருக்கிறது. அவருடைய முன்கட்டு சாமியோடு இருக்கட்டும். அதை நாம் ஏன் தொந்தரவு செய்ய வேண்டும்? எங்கள் பின்கட்டு அவருடைய பின்கட்டோடு பேசிக்கொண்டால் போதாதா?

அதற்குப் பிறகு நடந்தது வேலை. நான் வாழ்ந்ததிலேயே நல்ல நாட்கள் அவை. ரோபோ அவர் பக்கத்தில் போய் நிற்கும். எதுவும் பேசாது. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை, தூரத்தில் போகும் பஸ்ஸிலிருந்து வருவதுபோல் மெல்லிசாக ஒரு விசில். அவர் விரலால் தரையை இரண்டு தட்டுத் தட்டினால் ‘போகலாம், நான் இருக்கிறேன்’ என்று அர்த்தம். ஒரு தட்டு என்றால் ‘நிறுத்து, என்னைத் தூக்கிவிடு.’ தட்டே வரவில்லை என்றால் இன்னொரு விசில். அதற்கும் இல்லை என்றால் பழையபடி ஊரைக் கூட்ட வேண்டும். தட்டின் அதிர்வை உணர ஒரு சின்னக் கருவியைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் பொருத்தினோம். அந்த அதிர்வு முன்கட்டுக்குப் போய்ச் சுற்றிக்கொண்டு வரக் கூடாது, நேராகப் பின்கட்டுக்கே வர வேண்டும் என்று சார் கறாராகச் சொல்லிவிட்டார். பின்கட்டின் பழைய விதியில் ஓர் எழுத்தைக்கூட நாங்கள் எடுக்கவில்லை. தரையில் ஆள் படுத்திருந்து, பக்கத்தில் துணை இல்லாவிட்டால் கூப்பிடு என்பதுதான் விதி. அந்தத் துணையாக ரோபோவே இருக்க இடம் கொடுத்தோம். பதில் வந்துகொண்டிருக்கும் வரைக்கும்தான் அது துணை.

கடைசிச் சோதனைக்குச் சாரே திருவண்ணாமலை வந்தார். விடிவதற்கு முன்னால் முற்றத்தில் வந்து நின்று, “முதல்ல நான் படுத்துப் பாக்கறேன்” என்றார். நான் பதறிப்போனேன். வெள்ளைச் சட்டை. அதைவிட, அவர் எந்தக் கோயிலிலும், எந்த மலையைப் பார்த்தும் விழுந்து கும்பிட்டு நான் பார்த்ததில்லை. குனிந்து உட்கார்ந்து, டார்ச்சை அடித்து, தண்ணீர் வடிகட்டும் அந்தத் துணியால் தரையிலிருந்த எறும்புகளை ஒவ்வொன்றாக ஓரத்துக்கு ஒதுக்கினார். செல்வி சிஸ்டரும் டிரைவர் ஐயாவும் ஒன்றும் புரியாமல் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எறும்பெல்லாம் போன பிறகு குப்புறப் படுத்து, கையை மலைப்பக்கம் நீட்டினார்.

“நான் கும்பிடல. டெஸ்ட் பண்றேன்” என்று தரையிலிருந்து குரல் வந்தது.

“படுத்தது படுத்துட்டீங்க, அப்படியே ஒரு கும்பிடு போட்டுடுங்க சார். மலை இன்னா கணக்கா கேக்கப்போவுது?” என்றார் டிரைவர் ஐயா.

சார் சிரித்ததில் முதுகு குலுங்கியது. விசில் வந்தது. இரண்டு தட்டு. மறுபடி விசில். இரண்டு தட்டு. பிறகு தட்டாமல் அசையாமல் கிடந்தார். இரண்டாவது விசிலுக்கும் கை அசையவில்லை. ரோபோ அலறிய அலறலில் பக்கத்துத் தோட்டத்து நாய்கள் எல்லாம் குரைத்தன. சார் எழுந்து, சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டாமலேயே என்னைப் பார்த்து, “சரியா வந்திருக்குதும்மா” என்றார். அத்தனை வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

பிறகு டிரைவர் ஐயா படுத்தார். விசில் வந்தபோது அவர் முகம் மாறவே இல்லை. விரல் மட்டும் தனியாக உயிர் வந்தாற்போல் இரண்டு தட்டு தட்டிவிட்டு ஓய்ந்தது. மலைக்குப் பின்னாலிருந்து சூரியன் மேலே வரும் வரை படுத்திருந்தார். எழுந்து உட்கார்ந்து, ரோபோவின் தலையில் கையை வைத்து, “செக்கரு, உனக்குப் பிரமோஷன்டா. இன்னியிலேந்து நீ கண்டக்டரு” என்றார். பாஸ்கரின் போன் விடிகாலையில் அலறுவது நின்றது. மாதம் முடிந்தது. பெங்களூர்ப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

சார் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். சில வருடம் கழித்து நானும் ஓய்வு பெற்று, செங்கம் ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடிப் போர்ஷனுக்கு வந்தேன். வந்த முதல் வருடமே, ஒரு காலையில் செல்வி சிஸ்டரிடமிருந்து போன்.

டிரைவர் ஐயா வழக்கம்போல் படுத்திருக்கிறார். விசில் வந்திருக்கிறது, பதில் இல்லை. இன்னொரு விசில், பதில் இல்லை. ரோபோ கூப்பிட்டுவிட்டது. பக்கவாதம். சீக்கிரமே கொண்டுவந்ததால் உயிர் தப்பியது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

“மேடம், நான் அந்தப் பக்கமாத்தான் பால் வாங்கப் போனேன்” என்று சிஸ்டர் ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதார். “நானே கண்ணால பாத்தேன். கை நீட்டின வாக்குல அப்படியேதான் இருந்தாரு. ஒரு மாத்தமும் தெரியல. இன்னிக்கு நல்லா கும்பிடறாருன்னு நெனச்சிகினு போயிட்டேன்.”

ஹரிணி, இதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். செல்வி சிஸ்டருக்கு அவரைப் பல வருடமாகத் தெரியும். பார்த்தார், புரிந்துகொண்டார், தப்பாகப் புரிந்துகொண்டார். அவர் மேல் குற்றம் இல்லை. பார்த்தால் அப்படித்தான் தெரியும். உன் மாடலும் பார்க்கும், புரிந்துகொள்ளும். செய்யட்டும். ஆனால் அது புரிந்துகொண்டது தப்பாக இருக்கும் அன்றைக்கு, யார் விசில் அடிப்பார்கள்?

பாஸ்கர் அன்று மதியமே வந்துவிட்டார். அப்பாவுக்குப் பேச்சு போய்விட்டது, வலது பக்கம் அசைவில்லை. நானும் சிஸ்டரும் கட்டிலின் கால்மாட்டில் நின்றோம். இனி யார் என்ன சொல்ல முடியும்? கூட்டிக்கொண்டு போவதுதான் நியாயம் என்று எனக்கே பட்டது. பாஸ்கர் கட்டிலோரம் குனிந்து, அப்பாவின் காதருகே மெதுவாகக் கேட்டார்.

“நைனா, போதும் நைனா. என்கூட பெங்களூர் போலாமா?”

டிரைவர் ஐயாவின் கண் ஜன்னல் பக்கம் இருந்தது. இடது கை போர்வைக்கு வெளியே வந்தது. விரல் கட்டிலின் இரும்புக் கம்பியைத் தொட்டது.

ஒரு தட்டு.

இன்னொன்று வருமா என்று நாங்கள் மூன்று பேரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம். வரவில்லை. கை அப்படியே கம்பியின் மேல் கிடந்தது.

பாஸ்கர் டிரைவர் மகன். சின்ன வயதில் இன்ஜினுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஊத்தங்கரை வரை போனவர். அவருக்கு நாங்கள் யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார். “சரி நைனா. இங்கியே ஸ்டாப்பிங். எறங்கிக்க” என்றார். சிஸ்டர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

அன்று வராந்தாவில் நின்று நான் சாருக்குப் போன் செய்தேன். விசில் வந்தது, பதில் வராதது, ரோபோ கூப்பிட்டது எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்புறம்?” என்றார்.

மகன் வந்ததைச் சொன்னேன். கேட்டதைச் சொன்னேன்.

“அப்புறம்?”

“ஒரே ஒரு தட்டு சார். நிறுத்துன்னு அர்த்தம். மலைப்பக்கமே விட்டுட்டாங்க.”

அடுத்த ‘அப்புறம்?’ வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது. “சரிம்மா. பொழுது சாயுது, நான் சாப்பிடப் போறேன்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

டிரைவர் ஐயா அதற்குப் பிறகும் அந்த இல்லத்திலேயே இருந்து, இடது கையால் தட்டிக்கொண்டு, ஒரு நாள் தூக்கத்திலேயே போனார். சார் அவருக்கு முன்னாலேயே போய்விட்டார். அவர் ஊருக்குப் போய்த் துக்கம் கேட்டுவிட்டு வந்தேன். முற்றத்துக் கொடியில் தண்ணீர் வடிகட்டும் துணி ஒன்று துவைத்துப் போட்டிருந்தது. யாருடையது என்று கேட்கவில்லை.

சாயந்திரங்களில் மாடியில் நின்றால் செங்கம் ரோட்டில் பெங்களூர் பஸ்கள் போவது தெரிகிறது. விசில் கேட்டால் என் விரல் தானாகக் கைப்பிடிச் சுவரைத் தட்டுகிறது. அந்த லேபை மனசு தேடுகிறது. அந்த இருட்டு முற்றத்தைத் தேடுகிறது. வெள்ளைச் சட்டையில் மண்ணோடு எழுந்து நின்ற அந்த மனுஷரைத் தேடுகிறது. நான் என்ன சொன்னாலும் இப்போது எல்லாரும் ஆமாம் மேடம், சரி மேடம் என்கிறார்கள். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை.

ஹரிணி, எழுதித் தரச் சொன்னாய், எழுதிவிட்டேன். படித்து முடித்ததும் தேங்க்ஸ் மேடம் என்று அனுப்பாதே. ஒரு போன் போட்டு, ‘அப்புறம்?’ என்று கேள்.